வடிவின் மூன்றாம் அடி

திருமருதஞ்சுனைக் கோயில் மடைப்பள்ளியின் பின்புறம், புளியும் சாம்பலுமாகப் பாத்திரம் தேய்த்தே உமையம்மையாரின் உள்ளங்கை ரேகை அழிந்துபோயிற்று. இறைவனுக்குத் தாம் செய்யும் பூசை அதுவே என்று இருந்தார். தேய்த்த வெண்கலக் கிண்ணங்களில் ஏற்ற இறக்கமாகத் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைப்பார். தெருப் பிள்ளைகள் குச்சியால் தட்டித் தட்டித் தங்களுக்கு வேண்டிய மெட்டைத் தேடுவார்கள்.

"சாமிகிட்ட என்ன சொல்லணுமோ அதைச் சொல்லு கண்ணு. பாட்டு தானா வரும்" என்பார். பிள்ளைகள் கட்டிய பாட்டை அவர் திருத்தியதும் இல்லை, தாம் எடுத்துப் பாடியதும் இல்லை. பாத்திரக்காரிக்குப் பாட்டு வாத்தியார் வேலையா என்று ஊர் எள்ளி நகையாடியது.

கோயில் மணியக்காரர் ஏகாம்பரனாரின் மகள் வடிவு, தாயைப் பறிகொடுத்த ஏழு வயதுக் குழந்தை. ஒருநாள் அவள் இரண்டு அடி கட்டினாள்.

"அம்மாவ எடுத்துக்கிட்ட சாமி,
எனக்குத் தலை வாரத் தெரியுமா சாமி?"

அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் இருக்கா?"

"இருக்கு. நாளைக்கு."

அந்த நாளை வரவேயில்லை. பாட்டு காதில் விழுந்ததும், தம் மகளே சாமியைக் கேள்வி கேட்பதா என்று மணியக்காரர் குழந்தையை வாயிலேயே அடித்தார். கிண்ணங்களைக் கல்லில் மோதினார். அம்மையார் கோயில் வாசலை மிதிக்கக் கூடாதென்று விரட்டினார். அன்றோடு வடிவு பேச்சையே விட்டாள்.

விரிசல் விட்ட ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்துவந்த அம்மையார், மண் சுமந்து வயிறு கழுவினார். தினமும் அதைத் தேய்த்து வைத்து, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா. அந்தப் பிள்ளை வாயைத் திற" என்று கும்பிட்டார். சொல்லவே நாக்கூசுகிறது, எட்டு மாதம் இறைவன் கேட்கவில்லை.

பங்குனித் திருவிழாவில், வீதியுலா வந்த பல்லக்கு அம்மையாரின் குடிசை முன் இறக்கி வைக்கப்பட்டது. பிறகு பதினாறு பேர் தோள் கொடுத்தும் எழவில்லை. ஓதுவார் தொண்டை வற்றப் பாடியும் அசையவில்லை. தாம் அடித்து நிறுத்திய பாட்டுக்காகத்தான் இறைவன் காத்திருக்கிறார் என்று மணியக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, என் மக பாட்டு உங்களுக்குத் தெரியுமே. நீங்களாவது பாடுங்க."

"தெரியும். ஆனா அது அவ பாட்டு, ஐயா. நான் பாட மாட்டேன்."

விரிசல் கிண்ணத்தில் நீர் ஊற்றி, அப்பாவின் பக்கத்தில் நின்ற வடிவின் முன் வைத்தார். நீர் கசிந்தது. குழந்தை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, மெல்லத் தட்டினாள். அந்த இரண்டு அடியும் அவள் வாயில் வந்தன. பிறகு மூன்றாவதும் வந்தது.

"அப்பா அடிச்சப்போ எங்க போன சாமி?"

பல்லக்கு பூக்கூடை போல எழுந்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை. மணியக்காரர் நடுத்தெருவில் அமர்ந்து அழுதார். வடிவு அவர் பக்கம் திரும்பவில்லை. அம்மையாரின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர் அதை அற்புதம் என்று கொண்டாடியது. அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இறைவனையே காக்க வைத்து, ஒரு குழந்தையின் பாட்டைக் குழந்தைக்கே விட்டுவைத்த அந்தத் தேய்ந்த கைகளை வணங்குவோம்.