ஏரிக்கரையும் ராணியின் களஞ்சியமும்

மூங்கில்காட்டு ஏரியின் கரை வெறும் மண்கரை. மழைக்கு முன்னால் வருடா வருடம் அதைப் பலப்படுத்த வேண்டும். எலிகள் கோரைப்புல் அறுக்கும். தூக்கணாங்குருவிகள் அதைப் பாயாக முடையும். கீரிகள் அந்தப் பாயைச் சரிவில் விரித்து, மண் போட்டு மிதிக்கும். வேலை முடிந்ததும் யானை ராணி பெரியநாயகி தன் களஞ்சியத்தைத் திறந்து எல்லோருக்கும் தினை கொடுப்பாள். மழைக்காலம் முழுவதும் சின்னப் பிராணிகளுக்கு அந்தத் தினைதான் சாப்பாடு.

அந்த வருடம் மந்திரி நரியாருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தாலே காட்டுக்கு ஏதோ கெடுதல் வருகிறது என்று அர்த்தம்!

“ராணி! இத்தனை பேருக்குத் தினை அள்ளிக் கொடுப்பது வீண் செலவு. மொத்த வேலையையும் ஒருவரிடமே ஒப்பந்தமாக விட்டுவிடுவோம். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே வேலை!”

“களஞ்சியம் மிச்சமாகும் என்றால் நல்லதுதானே! அப்படியே செய்யுங்கள்!” என்றாள் ராணி.

நரியார் ஆலமரத்தடியில் நின்று நிபந்தனைகளை அறிவித்தார். முழுக் கரையையும் ஒருவரே எடுத்துச் செய்ய வேண்டும். ஒரு குகை நிறையக் கிழங்கைப் பிணையாக வைக்க வேண்டும். கரை வேலையில் முன் அனுபவமும் வேண்டும்.

கூட்டத்திலிருந்து வெள்ளெலி அல்லி முன்னால் வந்தாள். கரைக்குக் கீழே இருந்த மேட்டில்தான் அவள் வளை. அதில் கண் திறக்காத குஞ்சுகளை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“மந்திரியாரே, எனக்குக் குகையும் இல்லை, கிழங்கும் இல்லை. புல் அறுக்கப் பல் மட்டும்தான் இருக்கிறது. நான் எப்படி வேலை கேட்பது?”

“நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றுதான் அம்மா! எலிக்கு ஒன்று, புலிக்கு ஒன்று என்று பாரபட்சம் காட்ட முடியுமா?” என்றார் நரியார்.

ஒப்பந்தம் காட்டுப்பன்றியாருக்குக் கிடைத்தது. “பன்றியார் எப்போது கரை கட்டினார்?” என்று ஒரு கீரி கேட்டது.

“ஆற்றங்கரை முழுவதையும் தோண்டிப் போட்டவர் அவர்தானே! கரையில் அவரைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது?” என்றார் நரியார். அதை அவர் சிரிக்காமல் சொன்னார். அதுதான் கொடுமை!

பன்றியார் பாய் முடையவில்லை. சருகைக் கொட்டினார், மேலே சேற்றைப் பூசினார், வேலை முடிந்தது என்றார். கூலிக்கு வந்த சில எலிகளுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடித் தினை கொடுத்தார். ஒப்பந்தத்துக்குக் கிடைத்த தினையில் மீதியைத் தன் குகையில் சேர்த்துக்கொண்டார்.

மழைக்காலத்துக்குச் சாப்பாடு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கீரிகள் முதலில் கிளம்பின. பிறகு எலிகள் போயின. குருவிகளும் ஆற்றைத் தாண்டி அக்கரைக் காட்டுக்குப் பறந்துவிட்டன. குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க முடியாமல் அல்லி மட்டும் தங்கிவிட்டாள்.

வானம் கறுத்தது. நரியார் ராணியைக் களஞ்சியத்துக்கு அழைத்துப் போனார். கரைக்கு மறுகோடியில், பள்ளத்தில் இருந்தது அது.

“பாருங்கள் ராணி! கூரை முட்ட நிற்கிறது தினை! நம் திட்டம் மகத்தான வெற்றி!”

ராணிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரத்தில் அல்லி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“ராணியம்மா! என் வளையில் தண்ணீர் கசிகிறது! கரை உள்ளுக்குள் இளகிவிட்டது!”

“குறை இருந்தால் ஒப்பந்தக்காரரிடம் சொல்! இப்படி ராணியிடம் நேராக வரக்கூடாது!” என்று அதட்டினார் நரியார்.

அல்லிக்கு ஆத்திரம் பொங்கியது. “களஞ்சியத்தைப் பார்த்து வெற்றி என்கிறீர்களே! எங்கள் வளைகளை யாராவது எட்டிப் பார்த்தீர்களா?”

ராணி திடுக்கிட்டாள். அல்லியின் பின்னால் நடந்தாள். வழியெல்லாம் வளைகள் காலியாகக் கிடந்தன. மரங்களில் பழைய கூடுகள் மட்டும் தொங்கின.

அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அவர்கள் மேட்டை அடைந்தபோது கரையில் ஒரு விரிசல் விழுந்து தண்ணீர் பீறிட்டது. ராணி ஓடிப்போய்த் தன் உடம்பாலேயே விரிசலுக்கு முட்டுக்கொடுத்து நின்றாள்.

“கீரிகளே! எலிகளே! புல் கொண்டு வாருங்கள்! மண் கொண்டு வாருங்கள்!” என்று பிளிறினாள்.

ஒருவரும் வரவில்லை.

“எங்கே போனார்கள் எல்லோரும்?”

“பிழைப்பைத் தேடி அக்கரைக்குப் போய்விட்டார்கள், ராணியம்மா!” என்றாள் அல்லி. ஒரு குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு மேலே இருந்த பாறைக்கு ஓடினாள். திரும்பி வந்தாள். அடுத்த குஞ்சைக் கவ்வினாள். வளைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

“பன்றியார் எங்கே?” என்று ராணி கத்தினாள். அவர் தன் குகை வாசலைக் கல்லால் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்!

நரியார் நனைந்தபடி ஓடி வந்தார். “ராணி! மறுகோடியிலும் கரை விரிகிறது! இதை விட்டுவிட்டு அங்கே வாருங்கள்! களஞ்சியம் போய்விடும்!”

ராணி நகர்ந்தால் இந்த விரிசல் உடையும். வளை அப்படியே மூழ்கிவிடும். அல்லி அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

“ராணியம்மா! இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது! கடைக்குட்டி!”

“போ, எடுத்துக்கொண்டு வா! நீ வரும்வரை நான் அசைய மாட்டேன்!”

அல்லி தண்ணீருக்குள் பாய்ந்தாள். ராணியின் கால்கள் சேற்றில் வழுக்கின. நரியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தூரத்தில் இடி போல ஒரு சத்தம் கேட்டது. மறுகோடிக் கரை உடைந்துவிட்டது. மிச்சம் பிடித்த தினை அத்தனையும் வெள்ளத்தோடு போனது.

அப்போதுதான் வளை வாயிலில் அல்லியின் தலை தெரிந்தது. வாயில் கடைக்குட்டி இருந்தது. நனைந்து நடுங்கியது, ஆனால் உயிர் இருந்தது!

வெள்ளம் வடிந்ததும் ராணி தானே அக்கரைக்குப் போனாள். “திரும்பி வாருங்கள். கொடுக்கத் தினை இல்லை. பன்றியாரின் குகையில் இருப்பதைத்தான் வாங்கிப் பிரித்துத் தர முடியும். இந்த மழையில் எல்லோரும் அரைவயிறுதான், நானும்தான்!” என்றாள்.

“பிணை கேட்பீர்களா?” என்றது ஒரு கீரி.

“மாட்டேன்! கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு துண்டு தருகிறேன். வேலை தொடங்கும்போதே பாதித் தினை!”

கீரிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாக ஆற்றில் இறங்கின.

மறுவருடம் பன்றியாருக்கும் ஒரு துண்டு கிடைத்தது, எல்லோரையும் போல! நரியாருக்கு மண் சுமக்கும் வேலை. வேலை முடிந்ததும் ராணி களஞ்சியத்தின் பக்கமே போகவில்லை. நேராக அல்லியின் வளைக்குப் போய்க் குனிந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே தினை இருந்தது.

நீதி: பொது வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, கஜானாவில் எவ்வளவு மிஞ்சும் என்பதை மட்டும் பார்க்காமல், ஏழையின் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.