சத்தம் கேட்டால் கையைத் தூக்கவும்

மலை மேல் இருக்கும் ஒரு சின்ன ஊரில் சௌந்தரபாண்டிக்கு ஆட்டோவில் மைக் அறிவிப்புச் செய்வது தொழில். வயது நாற்பத்தாறு. சர்க்கஸ், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, குழாயில் தண்ணீர் வராத நாள், யாராவது செத்தால் அடக்கம் எத்தனை மணிக்கு என்பது, எல்லாம் அவர் குரல்தான். வாயை மூடினால் வண்டி ரிப்பேர் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்பார். அதனால் மூடவே மாட்டார். வீட்டிலும்தான்.

ஒரு வியாழக்கிழமை கட்டிலுக்கு அடியில் மனைவி லோகமணியின் பையைப் பார்த்தார். துணியெல்லாம் அடுக்கி ஜிப் போட்டிருந்தது.

எங்கே போகிறாய் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், அந்தச் சேலை வாங்கித் தராததற்கா, எங்கம்மா சொன்னதற்கா, போவதென்றால் போ, ஆனால் ஊர் என்ன பேசும் என்று அவரே கால் மணி நேரம் பேசினார்.

"மூணு தடவை சொல்லிட்டேன்," என்றாள் லோகமணி. "ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி பஸ்ஸு. உங்க காதுல விழலேன்னா நான் என்ன பண்ண?"

பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷக் குடும்பம். விட்டுவிட்டுப் போகிறாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. ஏன் என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள், தனக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் காது போய்விட்டது. வேறு என்ன காரணம் இருக்க முடியும். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

காது டெஸ்ட் எடுக்கிறவள் பெயர் பியூலா. முப்பது வயது இருக்கும்.

அவரைச் சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினாள்.

"சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க அண்ணே. எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் தூக்கணும்."

தூக்கினார். மறுபடி தூக்கினார். தூக்கிக்கொண்டே இருந்தார்.

பியூலா ஹெட்போனைக் கழற்றினாள். "நான் இன்னும் சத்தமே விடல."

"எப்படியும் வரத்தானே போகுது டாக்டரம்மா."

தான் டாக்டர் இல்லை என்றாள். திரும்ப எடுத்தாள். அதே கதை. இப்படிச் செய்தால் காது நல்லதா கெட்டதா என்று தன்னால் எழுத முடியாது என்றாள்.

அவருக்கு எரிச்சல் வந்தது. "ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல சும்மா விட்டுர்றீங்க. அப்போ நான் என்ன பண்றது?"

அவள் யோசித்தாள். அதற்குள் அவர் இரண்டு தடவை "என்ன, என்ன" என்று கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு எங்க கூட்டத்துக்கு வாங்க. வீட்டுல அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

கூட்டம் என்றதும் அவருக்குத் தெம்பு வந்தது. "மைக் இருக்கா?"

"இல்ல."

"நான் கொண்டாரவா?"

"வேண்டாம் அண்ணே."

அது குவேக்கர் கூட்டம். கிறிஸ்தவர்களில் ஒரு சின்னப் பிரிவு. அவர்களுக்குப் பாட்டு இல்லை, பாஸ்டர் இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளேயிருந்து ஏதாவது வந்தால் எழுந்து சொல்லலாம். வாசலிலேயே பியூலா இதையெல்லாம் சொல்லிவிட்டாள். ஒருவர் பேசினால் அதற்கு யாரும் பதில் பேசுவதில்லை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

லோகமணி பையோடு வந்திருந்தாள். அங்கிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு.

"யார் வேணும்னாலும் பேசலாமா?" என்று கேட்டாள்.

"பேசலாம்க்கா."

"குறுக்க யாரும் பேச மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

லோகமணி நம்பாத மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு வீட்டின் முன்னறை. வட்டமாகப் பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் டம்ளரில் டேலியாப் பூ.

முதல் பத்து நிமிஷம் செம போர். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சௌந்தரபாண்டி எண்ணினார். நான்கு. பருப்பு என்று முடிவு செய்தார். ஒரு பெரியவர் எழுந்து, இந்த வாரம் முழுக்கத் தனக்கு மூட்டு வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். யாரும் ஆமென்கூடச் சொல்லவில்லை.

சௌந்தரபாண்டிக்குப் பாவமாக இருந்தது. பேச வேண்டிய ஆள் வரவில்லை போல, இவர்கள் அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தொழில் தெரிந்தவன் ஒருவன் இருந்தும் சும்மா இருக்கலாமா. எழுந்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே," என்று ஆரம்பித்தார்.

மூட்டு வலியில் தொடங்கி மலைக்காற்று, மனித வாழ்க்கை, ஒற்றுமை என்று போனார். நன்றாகத்தான் பேசினார். தெருவில் என்றால் யாராவது எதிர்ப்பேச்சுப் பேசுவார்கள், ஒரு நாயாவது குரைக்கும். இங்கே எல்லோரும் கேட்டார்கள். கடைசிச் சொல் வரைக்கும் கேட்பார்கள் போலிருந்தது. அது அவருக்குப் பழக்கமில்லை. ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றார். மீதி என்னவென்று தெரியவில்லை. பெரியவருக்குப் பதில் பேசியிருக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தார்.

குக்கரை இறக்கிவிட்டார்கள். அந்தப் பக்கமும் சத்தமில்லை.

அப்போது லோகமணி எழுந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எந்தங்கச்சிக்குப் பதினஞ்சு வருஷம் கழிச்சு இப்பத்தான் வயித்துல தங்கியிருக்கு, இது ஒம்பதாம் மாசம்," என்றாள். "பெரியகுளத்துல பாத்துக்க ஆளில்ல. பிரசவம் முடிஞ்சு நாப்பது நாள் இருந்துட்டு வந்துருவேன். கோவிச்சுக்கிட்டுப் போகல."

நிறுத்தினாள். யாரும் குறுக்கே வரவில்லை.

"நான் இவ்வளவு நீளமாப் பேசி ரொம்ப நாளாச்சு."

உட்கார்ந்தாள்.

சௌந்தரபாண்டி வாயைத் திறந்தார். எதிரில் பியூலா இருந்தாள். தலையை ஆட்டவில்லை, முறைக்கவில்லை, சும்மா இருந்தாள். வாயை மூடினார்.

இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. முதலில் பதினைந்து வருஷம் என்பது அவருக்குள் இறங்கியது. பிறகு நாற்பது நாள். பிறகு வந்துவிடுவேன் என்பது. அதில் கொஞ்ச நேரம் சுகமாக உட்கார்ந்திருந்தார். நீளமாகப் பேசி ரொம்ப நாளாயிற்று என்பது கடைசியாகத்தான் இறங்கியது. அதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது.

பதினோரு மணிக்கு பியூலா பக்கத்திலிருந்தவருக்குக் கை கொடுத்தாள். கூட்டம் முடிந்தது என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். எல்லோரும் பக்கத்திலிருந்தவருக்குக் கை கொடுத்தார்கள். சௌந்தரபாண்டிக்குப் பக்கத்தில் லோகமணி. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவர் இப்படிக் கை கொடுத்ததே இல்லை. கொடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டீ குடித்துவிட்டு வாசலில் பியூலாவிடம் வந்தார். "மறுபடி எப்ப டெஸ்டுக்கு வரணும்?"

பியூலா லோகமணியிடம் திரும்பினாள். "அக்கா, அங்க போய் என்னெல்லாம் செய்யப் போறீங்க?"

லோகமணி சொன்னாள். பூண்டு வாங்க வேண்டும், பழைய வேட்டி சேர்த்துக் கிழித்து வைக்க வேண்டும், தங்கச்சி புருஷனுக்குச் சமைக்கத் தெரியாது, தங்கச்சிக்குப் பயம் அதிகம், கூடவே படுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் யோசிக்க நிறுத்தினாள். இரண்டு இடத்திலும் சௌந்தரபாண்டியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அவ்வளவுதான்," என்றாள் லோகமணி.

சௌந்தரபாண்டி கையைத் தூக்கினார்.

"காது நல்லாருக்கு அண்ணே," என்றாள் பியூலா. "பையை வாங்கிக்கோங்க. பஸ்ஸுக்கு நேரமாகுது."