கூடத்தில் ஒரு பந்தி

மங்கையர்க்கரசி நாவலாசிரியை. வயது நாற்பத்தாறு. அவளிடம் நாவல் எழுதக் கற்றுக்கொள்ள வந்த சபாபதிக்கு அறுபத்தெட்டு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

சபாபதி எழுதியது தன் குடும்பக் கதை. மன்னார்குடியில் அவர் பிறந்த பெரிய வீடு, தாத்தாவின் பண்ணை, அப்பாவும் சித்தப்பாக்களும் மூன்று அடுப்பாகப் பிரிந்தது, கடைசியில் வீடு கைமாறிக் கல்யாண மண்டபம் ஆனது, எல்லாம் வந்துவிட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் நகரவில்லை. எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டார்.

“ஒரு குடும்பம் எந்த இடத்துல முடியுது, டீச்சர்?”

“நீங்க எங்க முடிச்சிருக்கீங்க?”

“வாசல்ல மண்டபத்தோட போர்டை மாட்டறாங்க. கதாநாயகன் எதிர்ப்பக்கம் நின்னு பார்க்கறான். மழை கொட்டுது.”

“நிஜமாவே மழையா?”

சபாபதி யோசித்தார். “இல்லை. சித்திரை வெயில்.”

“அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தீங்களா?”

“அந்தத் தெருவுக்கே போறதில்லை. சுத்திக்கிட்டுப் போயிடுவேன்.”

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

“நாளைக்கு முகூர்த்தம். நல்ல வேட்டி சட்டையா போட்டுக்கிட்டு வாங்க.”

மறுநாள் இருவரும் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். பன்னீர் தெளித்த பெண் கேட்டாள், “மாப்பிள்ளை வீடுங்களா?”

“ஆமாம்” என்றாள் மங்கையர்க்கரசி.

நான்கடி தள்ளி ஒருவர் கும்பிட்டார். “பொண்ணு வீடுங்களா?”

“ஆமாம்” என்றாள்.

சபாபதி அவள் பக்கம் குனிந்தார். “கூப்பிடாத கல்யாணம், டீச்சர். யாராவது கேட்டா?”

“உங்க வீட்டுக்கு வர உங்களை யார் கூப்பிடணும்?”

“இப்ப என் வீடு இல்லையே.”

“அப்படியா? நாவல்ல முந்நூறு பக்கம் வேற மாதிரி இருக்கே.”

கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. தாத்தா காலத்தில் அந்தக் கூடத்தில் வீட்டு ஆண்கள் மட்டும்தான் சாப்பிடுவார்கள். பண்ணையாட்களுக்குக் கொல்லைப்புறத்தில், மாட்டுக்கொட்டகையை ஒட்டி. அதையும் சபாபதி நாவலில் எழுதியிருந்தார். ஒரே ஒரு வரி.

இலை போட்டார்கள். சபாபதி எதிர்ச்சுவரைப் பார்த்தார். தாத்தாவின் படம் இருந்த இடத்தில் ‘கை கழுவும் இடம்’ என்று எழுதி, அம்புக்குறி போட்டிருந்தது.

மணப்பெண்ணின் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார்.

“பண்ணை வீட்டுச் சின்னய்யாதானே?”

எடுத்த கவளம் இலைக்கே திரும்பியது. சபாபதி எழுந்திருக்கப் பார்த்தார்.

“உட்காருங்க, உட்காருங்க. நான் அன்பழகன். உங்க பண்ணையில இருந்த காத்தமுத்துவோட மகன்.”

“காத்தமுத்து… நல்லா நினைவிருக்கு.”

“பத்திரிகை வைக்கணும்னு நெனச்சேன். வருவீங்களோ மாட்டீங்களோன்னு விட்டுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க.” திரும்பிப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். “தம்பி, ஐயா இலையைக் கவனி. அப்பளம் வரல பாரு.”

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். “சின்ன வயசுல எங்கப்பாவோட கொல்லைல உட்கார்ந்திருப்பேன். இந்தக் கூடத்துலேர்ந்து நெய் வாசனை வரும். பொண்ணு கல்யாணம்னதும் வேற மண்டபம் பார்க்கவே தோணல. நேத்து ராத்திரி இங்கயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.”

“எப்படி இருந்தது?” என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

“அந்த வாசனை அளவுக்கு இல்லீங்க” என்றார் அன்பழகன். அவரே முதலில் சிரித்தார். சபாபதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் பாயசத்தைக் குடித்தார்.

சாப்பிட்டு முடித்தார். கண் மறுபடி அந்தச் சுவருக்குப் போனது. பார்த்தபடியே இலையை வெளிப்பக்கமாக மடித்தார்.

பக்கத்து இலைப் பெண்மணி பதறிவிட்டாள். “ஐயா, ஐயா, இது கல்யாண வீடு. கருமாதியில மடிக்கிற மாதிரி மடிக்கிறீங்களே.”

வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்பழகனும் பார்த்தார்.

சபாபதி இலையைப் பிரித்தார். கொஞ்சம் ரசம் மேஜையில் வழிந்தது. மெதுவாக, தன் பக்கமாக மடித்தார்.

“ஆங்” என்றார் அன்பழகன். “வெத்தலை போட்டுக்கிட்டுப் போகணும். பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்தாம கிளம்பிடக்கூடாது.”

மேடை ஏறி வாழ்த்திவிட்டு இருவரும் தெருவுக்கு வந்தார்கள். நல்ல வெயில். சபாபதி தாம்பூலப் பையைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்தார். அந்தத் தெருவின் முழு நீளமும் நடந்தார்.

“கடைசி அத்தியாயத்துல அந்த மழையை எடுத்துடறேன், டீச்சர்.”

“மழை இருந்துட்டுப் போகட்டும், சார்” என்றாள் மங்கையர்க்கரசி. “கதையிலயும் இலையைத் திருப்பி மடிங்க.”