மயிலேறும் பெருமாளின் குறையாத சிலிண்டர்

அன்று காலை ஒன்பதரை மணிக்கு மயிலேறும் பெருமாள் வீட்டு முன்னால் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். முதலாவது மயிலேறும் பெருமாள், பஸ் டிப்போவில் டயருக்குக் காற்றடித்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது அவர் மனைவி பிரம்மசக்தி. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்ததால் அந்த அம்மாளைப் பாதி நேரம்தான் கணக்கில் சேர்க்கலாம். மூன்றாவது எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மரியசெல்வம். நான்காவது கேஸ் சிலிண்டர் போடும் ஞானதிரவியம், அன்றைய லோடு முழுவதையும் போட்டு முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க நின்றவர். ஐந்தாவது பக்கத்து வீட்டு ஆவுடையப்பன்.

கார் இரண்டு. இரண்டும் பழைய பெட்ரோல் கார்கள். மயிலேறும் பெருமாளுடையது வெள்ளை, ஆவுடையப்பனுடையது நீலம். சிலிண்டர் மூன்று. ஒன்று பிரம்மசக்தியின் அடுப்படியில், ஒன்று வெள்ளைக் காரின் டிக்கியில், ஒன்று ஆவுடையப்பனின் காலடியில். ஞானதிரவியத்தின் வண்டியில் கிடந்தவை எல்லாம் காலி. அவை கணக்கில் வராது.

ஆவுடையப்பன் கூட்டுறவுச் சரக்குக் கிட்டங்கியில் முப்பத்தோரு வருடம் எடை போட்டவர். அதிகம் பேச மாட்டார். நாலு பேர் நிற்கிற இடத்தில் அவருக்குக் குரலே எழும்பாது. ஆனால் எண் தப்பாக வந்தால் மட்டும் அவரை அறியாமல் வாய் திறந்துவிடும். இரண்டு மாதமாக மயிலேறும் பெருமாள் அவரை விடவில்லை. "என் காரைக் கேஸுக்கு மாத்தி ரெண்டு வருசம் ஆச்சு. உம்ம காரையும் வீட்டுலயே வச்சு மாத்தித் தாரேன். ஒரு சிலிண்டர் மட்டும் கொண்டாரும்" என்று பார்த்த இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டே ஆவுடையப்பன் சம்மதித்துவிட்டார். வீட்டில் கூடுதலாக இருந்த ஒரே சிலிண்டரை அன்று காலை உருட்டிக்கொண்டு கிளம்பியபோது அவர் மனைவி சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்று: "அது திரும்பி வரலைன்னா நீங்களும் வர வேண்டாம்."

மயிலேறும் பெருமாள் வேலைக்கான சாமான்களை நீலக் காரின் முன்னால் பரப்பி வைத்திருந்தார். ரப்பர் குழாய் இரண்டு முழம், டீ வடிகட்டி ஒன்று, குக்கர் விசில் ஒன்று. ஆவுடையப்பன் மூன்றையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். இரண்டு தடவையும் மூன்றுதான் வந்தது.

"இவ்வளவுதானா அண்ணாச்சி?" என்றார் மரியசெல்வம்.

"இதுவே சாஸ்திவே. என் வண்டிக்கு வடிகட்டி கூட இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சேன், கை காயுததுக்குள்ள வேலை முடிஞ்சிட்டு. விசிலைத்தான் நல்லாப் பொருத்தணும். மூணு விசில் வந்தா கியரை மாத்தணும். நாலாவது வந்தா வண்டியை நிறுத்தி இறக்கி வச்சிரணும்."

"வீட்டு சிலிண்டரைக் காருல மாட்டுதது சட்டப்படி குத்தம் அண்ணாச்சி" என்றார் ஞானதிரவியம். "வெடிச்சா தெருவே இருக்காது."

"வெடிக்கதுக்கு அதுக்கு ஏதுவே நேரம்? அதுதான் ஓடிக்கிட்டே இருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும் மயிலேறும் பெருமாளுக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெள்ளைக் காரின் மேல் சாய்ந்துகொண்டார்.

"வேகத்தைக் கேளுங்க. மாத்துன மறுநாள் நாங்குநேரிப் பக்கம் போறேன். பக்கத்துல ரயிலு வருது. நான் சும்மா காலைத்தான் வச்சேன், மிதிக்கக்கூட இல்ல. இஞ்சின் டிரைவர் எட்டிப் பார்த்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுதாரு. வள்ளியூர் கேட்டுல கேட் கீப்பர் ரயிலுக்குப் போட்ட கேட்டைத் திறந்து, எனக்குப் பச்சைக் கொடி காட்டிட்டு, ரயிலுக்குச் சிவப்பைக் காட்டுதான். நான்தான் பாவப்பட்டு, பிள்ளைகுட்டி இருக்கவங்க போகட்டும்னு ஒதுங்கி வழி விட்டேன்."

"ரயிலு நின்னுட்டா?" என்றார் மரியசெல்வம்.

"நிக்காம? டிரைவர் இறங்கி வந்து, அண்ணாச்சி எத்தனை விசிலுன்னு கேட்டான். ரெண்டுதாம்லன்னேன். அப்படியே உக்காந்துட்டான்."

உள்ளே எண்ணெய் காய்ந்து வடை விழுகிற சத்தம் கேட்டது. பிரம்மசக்தியின் அண்ணன் குடும்பம் தூத்துக்குடியிலிருந்து பதினோரு மணிக்கு வருகிறது. அறுபது வடைக்கு மாவு அரைத்திருந்தது. வாசனை வாசலுக்கு வந்ததும் மயிலேறும் பெருமாளின் கதை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"இந்த வாசனைதான்! கார் என்னமோ பெட்ரோல் கார்தான், ஆனா கேஸு யாரு வீட்டுக் கேஸு? பத்து வருசமா சாம்பாரும் ரசமும் வச்சுப் பழகின கேஸு. பழக்கம் விடுமா? மேடு ஏறினா சைலன்சர்ல சாம்பார் மணக்கும். இறக்கத்துல ரசம். திசையன்விளை பஸ் ஸ்டாண்டுல ஒரு நிமிசம் நிறுத்தினேன், திரும்பிப் பார்த்தா நாப்பது பேரு கையில இலையோட வண்டிக்குப் பின்னால வரிசையா நிக்கான்."

"சோறு போட்டியளா?"

"பின்ன பசியோட விட முடியுமா? பானட்டு மேல அரிசியைப் போட்டேன். சைலன்சர் வாயில அப்பளத்தைக் காட்டினேன். அறுபது பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டான்."

"நாப்பது" என்றார் ஆவுடையப்பன்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபது பேரு வாசனைக்குப் பிறகு வந்தான்வே" என்றார் மயிலேறும் பெருமாள், கொஞ்சமும் அசராமல். "ஆரல்வாய்மொழியைக் கேட்டியளா? போன ஆடியில ஒரு நாள் காத்தே இல்ல. கரண்டு எடுக்குத காத்தாடி அத்தனையும் அப்படியே நிக்கி. கரண்டு ஆபீஸ்காரன் தலையில கையை வச்சு உக்காந்திருக்கான். நான் வண்டியைப் பின்பக்கமாத் திருப்பி நிறுத்தி ஒரு உறுமு உறுமுனேன். சைலன்சர் காத்துல நூத்திப் பத்துக் காத்தாடியும் சுத்துது! ஒண்ணு மட்டும் தலைகீழாச் சுத்தி, கரண்டைத் திருப்பி வாங்கிட்டு. அதுக்கு நான் பொறுப்பில்ல."

மரியசெல்வத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவுடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனதில் ஒரு கணக்கு வெகுநேரமாக உறுத்திக்கொண்டிருந்தது. கேட்காமல் சிலிண்டரைக் கொடுத்துவிட முடியாது. தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"திங்கக்கிழமை தோறும் அஞ்சு லிட்டர் கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வாரியளே, அது எதுக்கு?"

"காலையில எந்திரிச்சு நீரு வாய் கொப்பளிக்கேரா இல்லையா? அதே மாதிரிதான். இஞ்சினுக்கும் வாய் கொப்பளிக்கணும்."

"ரெண்டு வருசத்துக்கு நூத்தி நாலு திங்கக்கிழமை. ஐநூத்தி இருபது லிட்டர் கொப்பளிச்சிருக்கு."

"வாய் பெருசுவே!"

"யாருக்கு?" என்றார் மரியசெல்வம்.

மயிலேறும் பெருமாள் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசிச் சந்தேகத்தையும் அடித்துவிட வேண்டும் என்று, வைத்திருந்ததிலேயே பெரியதை எடுத்தார்.

"இப்ப சொல்லுதேன் கேட்டுக்கோங்க. ரெண்டு வருசமா அதே ஒத்தைச் சிலிண்டருதான். மாத்தவே இல்ல. கேஸு குறையல. குறையலங்கதை விட, கூடுது! மாஞ்சோலையிலிருந்து இறங்குதப்போ இஞ்சினு கேஸைக் குடிக்காது, திருப்பி சிலிண்டருக்குள்ள ஊதும். ஒரு தடவை இறங்கினா அரைக் கிலோ கூடும். ஆறு தடவை இறங்கியிருக்கேன். மூணு கிலோ சாஸ்தியா நிக்கி. கேஸ் கம்பெனி ஆபீசரு வீட்டுக்கே வந்து, அண்ணாச்சி உங்க சிலிண்டர்ல இருந்து எங்க டேங்கருக்குக் கொஞ்சம் ஊத்திக்கிடட்டுமான்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்லுதேன்னு அனுப்பியிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளே எண்ணெய்ச் சத்தம் அடங்கியது. பிரம்மசக்தி கையில் ஜல்லிக்கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"கேஸு தீந்து போச்சு. பதினேழு வடைதான் ஆயிருக்கு. ஞானதிரவியம், ஒரு சிலிண்டர் இருக்கா?"

"எல்லாம் காலி அக்கா. இனி நாளைக்குத்தான்."

பிரம்மசக்தியின் பார்வை ஆவுடையப்பனின் காலடிக்குப் போனது. அவர் கொடுத்துவிடலாம் என்று குனிந்தேவிட்டார். மரியசெல்வம் தடுத்தார்.

"அவர் சிலிண்டர் எதுக்குக்கா? தீரவே தீராத சிலிண்டரு உங்க வீட்டு டிக்கியில இருக்கு. மூணு கிலோ சாஸ்தி வேற."

பிரம்மசக்தி புருஷனைப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்த இரண்டாவது சிலிண்டர் இல்லாமல், அடுப்பு அணைகிறபோதெல்லாம் பக்கத்து வீட்டுப் படியேறி நின்றவர் அவர்.

"அதைக் கொண்டாங்க."

"இங்கேரு, இப்ப எடுத்தா இஞ்சின் கோவிச்சுக்கிடும்."

"எங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டா?"

"சூடா இருக்கும்டி. ஆறட்டும்."

"வண்டியே முந்தாநாள்ல இருந்து இங்கதான நிக்கி! சாவியைத் தாங்க."

மயிலேறும் பெருமாள் சாவியைத் தேடுவதாக மூன்று தடவை இடுப்பைத் தடவினார். நான்காவது தடவை பிரம்மசக்தியே அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

டிக்கியில் சிலிண்டர் கழுத்திலும் தலையிலும் ஒரு பச்சைத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு குழாய் காருக்குள் போயிற்று. "துண்டை மட்டும் தொடாதீங்க, தடுமன் பிடிச்சிரும்" என்று சொல்லி மயிலேறும் பெருமாள் குழாயைத் தானே இழுத்தார். அது சத்தமில்லாமல் கையோடு வந்தது.

"கழட்டும்போது உஸ்ஸுனு ஒரு சத்தம் வரணுமே?" என்றார் ஞானதிரவியம்.

"நல்லா வளந்த கேஸு. சத்தம் போடாது."

"தராசு இருக்குல்லா?" என்றார் மரியசெல்வம். "மூணு கிலோ கூடியிருக்கான்னு பாத்துருவோமே."

ஞானதிரவியம் தன் வண்டியில் தொங்கிய தராசை எடுத்து வந்தார். இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். மயிலேறும் பெருமாள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தார். எடை பார்க்கச் சொல்லி யாரும் ஆவுடையப்பனைக் கூப்பிடவில்லை. அவரே போய் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்தார். சிலிண்டர் பக்கவாட்டில் பொறித்திருந்த காலி எடையையும் குனிந்து படித்தார்.

"இருபத்தொம்பது எழுநூறு. துண்டுக்கு நூறு கழிக்கணும். காலி எடை பதினஞ்சு நானூறு." உதடு ஒரு நிமிடம் அசைந்தது. "உள்ள இருக்கது பதினாலு கிலோ இருநூறு."

"அது புது சிலிண்டர் எடையாச்சே!" என்றார் ஞானதிரவியம்.

மரியசெல்வத்தின் வாயிலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எல்லாரையும் விட அதிகமாகத் திகைத்துப் போனவர், தராசே தனக்குச் சாட்சி சொல்லும் என்று எதிர்பாராத மயிலேறும் பெருமாள்தான். ஆனால் அந்தத் திகைப்பு மூன்று எண்ணுவதற்குள் தீர்ந்துவிட்டது.

"பாத்தியளா! பாத்தியளா! ரெண்டு வருசம்! ஒரு கிராம் குறைஞ்சிருக்கா?"

"கூடினதா சொன்ன மூணு கிலோ?" என்றார் மரியசெல்வம், குரல் இறங்கி.

"முந்தாநாள் பாளையங்கோட்டையைச் சுத்தினேன்லா, அதுல போயிட்டு. அது என் மாஞ்சோலைச் சேமிப்பு. முதலு அப்படியே இருக்கு!"

மனிதர் சொல்வதை ஆவுடையப்பன் நம்பாமல் இருந்திருக்கிறார். தராசு சொல்வதை முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாளும் நம்பாமல் இருந்ததில்லை. ரயில் பொய்யாக இருக்கலாம், காத்தாடி பொய்யாக இருக்கலாம். முள் பொய் சொல்லாது. அவர் மெல்லக் குனிந்து, தன் சிலிண்டரை நீலக் காரின் பக்கம் ஒரு முழம் நகர்த்தினார்.

"அப்படி வாரும்!" என்றார் மயிலேறும் பெருமாள். தெருவே கேட்கிற மாதிரி குரல் உயர்ந்துவிட்டது. "இனிமே யாரும் என்னைப் புளுகன்னு சொல்லப்படாது. தராசு பிடிச்ச கையே சொல்லியாச்சு!"

பிரம்மசக்திக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மாவு புளித்துக்கொண்டிருந்தது. ரெகுலேட்டரை மாட்டுவதற்காகச் சிலிண்டர் முன் குத்தவைத்து உட்கார்ந்து, துண்டின் முடிச்சை அவிழ்த்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கைப்பிடியில் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. குழாய் அதில்தான் இத்தனை நாளும் நின்றிருக்கிறது. பிரம்மசக்தி சணலை விலக்கிவிட்டுச் சிலிண்டரின் வாயைப் பார்த்தார்.

"அடுப்பைப் பத்த வைங்கன்னா தீப்பெட்டியை என் மடியில போட்டுட்டு வாசலுக்கு ஓடுத ஆளு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்து, "அண்ணாச்சி, இதையும் ஒரு தடவை பாத்துருங்க" என்று விலகி உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தன் சிலிண்டரைக் கைப்பிடியில் பிடித்து, நகர்த்திய அதே ஒரு முழம் தன் வீட்டுப் பக்கமாகத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டார்.

மயிலேறும் பெருமாள் தெருவைப் பார்த்து நின்றிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை. "ஆவுடையப்பன்! எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொல்லும்வே! ரெண்டு வருசம் ஓடி, என் சிலிண்டர்ல மிச்சம் எவ்வளவு?"

நாலு பேர் நிற்கிற இடத்தில் ஆவுடையப்பனின் குரல் அன்றுதான் முதல்முறையாகத் தெளிவாக வந்தது.

"கேஸு பதினாலு கிலோ இருநூறு கிராம். உடைக்காத சீலு ஒண்ணு."