பசுவுக்கு வந்த ஞானம்

ஒன்பது வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்தும் திருமேனிக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், வயது அறுபத்துமூன்று. மலையடிவாரத்து மடத்தில் அவருக்குக் குருவாக வாய்த்த வடிவாம்பாள் அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அதில் அவருக்குக் கூச்சமில்லை. காத்திருந்து காத்திருந்துதான் கசந்துபோனார்.

காட்சிகள் காட்டும் ஊமத்தை விதையைத் தின்றாவது கடவுளைப் பார்த்துவிடுவது என்று முடிவுகட்டினார். உத்தரவு கேட்க அம்மையைத் தேடிப் போனால், தொழுவத்தில் ஒரே கூட்டம்.

மூன்று நாளுக்கு முன் கன்று ஈன்ற செவலைப் பசு, தீவனத்தோடு கலந்து வந்த ஊமத்தையைத் தின்றுவிட்டு வானத்தை வெறித்துக்கொண்டிருந்தது. இல்லாத எதையோ நக்கியது. பாலுக்குக் கத்திக்கொண்டு வந்த கன்றை உதைத்துத் தள்ளியது. மடத்துச் சீடர்கள் சும்மா இருப்பார்களா? பசுவுக்குப் பாசம் அறுந்து ஞானம் வந்துவிட்டதாம். திருநீறு பூசி, மாலை போட்டு, சுற்றிவந்து கும்பிட்டார்கள்.

திருமேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையைக் கழற்றி வீசினார். பசுவின் கண்பாவை விரிந்திருந்தது, வாய் காய்ந்துகிடந்தது. மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சொல்லும் சேதியை ஊமத்தை நஞ்சு நடுவிலேயே மறித்துவிடும், நஞ்சு இறங்கினால் தெளியும் என்று எல்லோருக்கும் விளக்கினார்.

“அதுவரைக்கும் கன்று?” என்றார் அம்மை.

அது நிற்கக்கூட முடியாமல் துவண்டு கிடந்தது. வேறொரு பசுவின் பாலில் விரலை நனைத்துச் சப்பக் கொடுத்தார் திருமேனி. துப்பியது. மறுபடி கொடுத்தார். இதைச் சாக விடுவதில்லை என்று வீம்பாக, இரண்டு நாள் தொழுவத்தைவிட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் காலை பசு தெளிந்து கன்றை நக்கிக்கொடுத்தது. திருமேனி அழுதேவிட்டார். ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. நேரே அம்மையிடம் போனார்.

“மாடு தெரியாம தின்னுச்சு. நான் தெரிஞ்சே திங்கப்போறேன். உத்தரவு குடுங்கம்மா. ஒரு தடவை கண்ணால பார்த்துட்டாப் போதும்.”

அம்மை தொழுவத்துப் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பசுவும் என்னமோ பார்த்துச்சு, ஐயா. கன்னு கத்தினதுதான் அதுக்குக் கேட்கலை.”