இரவல் போன கதாநாயகி

கொக்கரங்குளம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் போய்ப் பார்ப்பீர்கள். போனால் உங்களை வைத்து யாராவது கதை எழுதிவிடுவார்கள். அப்புறம் என் மேல்தான் கோபப்படுவீர்கள், எனக்கு எதற்கு வம்பு?

அந்த ஊரில் ஒரு கற்பனைக் கழகம் இருந்தது. உறுப்பினர்கள் நாலே பேர். நாலு பேரின் அறிவையும் சேர்த்து வடிகட்டினால் ஒரு டம்ளர் தேறாது. ஆனால் கூட்டம் மட்டும் வாரம் தவறாமல் நடக்கும்.

தலைவர் நாகலிங்கம். அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதனால் அவர் எழுத்தில் யாரும் குறை கண்டதும் இல்லை, தலைவராக்கிவிட்டார்கள். மங்கையர்க்கரசி பேய்க்கதை எழுதுகிற அம்மாள். தெய்வசிகாமணி ஓவியர், கடைகளுக்குப் பலகை எழுதுகிறவர். எந்த முகத்தை வரைந்தாலும் அவர் மச்சினன் முகமாகவே வந்து நிற்கும். நாலாவது ஆள் வைரக்கண்ணு. பாவம், இந்தக் கதையில் மாட்டிக்கொண்டு முழிக்கப் போகிறவர் அவர்தான்.

வைரக்கண்ணு ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். கதாநாயகி பூங்கொடி, கதாநாயகன் முத்தரசன். ஒரு வருஷமாக அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு வாரம் ரயில் தவறும், ஒரு வாரம் காய்ச்சல் வரும். அதே ஒரு வருஷமாக வைரக்கண்ணுவும் மாவு மில் சுடலைமுத்துவின் மகள் திலகாவைக் கட்டிக்கொள்ள அலைந்துகொண்டிருந்தார். திலகாவுக்கும் சம்மதம்தான். ஆனால் சுடலைமுத்து மசியவில்லை.

"கதையில இருக்க புள்ளைக்கே ஒரு கல்யாணத்தப் பண்ணி வைக்கத் துப்பில்ல. உமக்கு நான் பொண்ணு குடுக்கணுமாக்கும்? மொதல்ல அவ கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் எம் மககிட்ட வாரும்" என்று சொல்லிவிட்டார்.

பத்திரிகையும் வெள்ளிக்கிழமைக்குள் கடைசி அத்தியாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டது. வைரக்கண்ணு பேனாவில் மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். எழுதியிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் விதி, சென்னை பஸ்ஸில் வந்து இறங்கியது.

வந்தவர் ஒரு எழுத்தாளர், நூலகத்தில் பேச அழைத்திருந்தார்கள். "நண்பர்களே, உங்கள் கதாபாத்திரங்களைப் பூட்டி வைக்காதீர்கள். திறந்து விடுங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுங்கள். கற்பனை எல்லோருக்கும் பொது. கொடுப்பதால் குறையாது" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கியதும் தன் புத்தகங்களை விற்றார். அவற்றின் முதல் பக்கத்தில், அனுமதியில்லாமல் ஒரு வரியும் எடுத்தாளக் கூடாது என்று அச்சடித்திருந்தது. காப்பி குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

கழகம் அவசரமாகக் கூடியது. வைரக்கண்ணுவின் தொடர்கதைத் தாள்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டித்தான் இருந்தன. நாலு பேருக்கும் திக்கென்றது. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். யாரும் வெளியே வரவில்லை.

"கூச்சப்படுதாக. நாம பாத்துக்கிட்டே இருந்தா எப்படி வருவாக?" என்றார் மங்கையர்க்கரசி.

எல்லோரும் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பூனை பெட்டியில் குதித்து வெளியே ஓடியது. "அது வில்லனா இருக்கும்" என்றார் தெய்வசிகாமணி. ஒருவரும் மறுக்கவில்லை.

அடுத்து, எப்படிக் கொடுப்பது என்ற விவாதம் வந்தது. கையில் ஒன்றுமில்லாதவனுக்குத்தானே பங்கு போடுவதில் ஆசை அதிகம்! தலைவர் நாகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"கொடுத்தா குறையாதுன்னு சொன்னாரே, அது எப்படிவே? பக்கத்து வீட்டுக்கு இட்லிச் சட்டியக் குடுத்துட்டு, அதே நேரம் நம்ம வீட்டுல அதுல இட்லி அவிக்க முடியுமா?"

"முடியாது" என்றார் வைரக்கண்ணு.

"அப்ப பூங்கொடிய ஒருத்தருக்குக் குடுத்தா, அவ திரும்பி வார வரைக்கும் உம்ம கதையில இருக்க முடியுமா?"

"அதெப்படி முடியும்? ஒருத்தி எப்படி ரெண்டு எடத்துல இருப்பா?"

"சரியாச் சொன்னீரு. அவரு பட்டணத்துக்காரரு, இட்லிச் சட்டி இரவல் குடுத்துப் பழக்கமில்ல. ஒரு கதாபாத்திரம், ஒரு நேரம், ஒரு கதை. இதுதான் கழக விதி."

விதியின் மை காயுமுன்னே மங்கையர்க்கரசி, "தம்பி, பூங்கொடியக் கொஞ்சம் குடேன்" என்று கேட்டார். முத்தரசனைத் தெய்வசிகாமணி கேட்டார். கேட்டவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களே! வைரக்கண்ணு இரண்டு பேரையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, வள்ளல் மாதிரி கையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை மாலை கடைசி அத்தியாயம் எழுத உட்கார்ந்தார். மாவிலைத் தோரணம் கட்டினார், மேளத்தைக் கொட்டவிட்டார், சமையலும் ஆயிற்று. மணமேடையில் மட்டும் ஆளில்லை. அடித்துப்பிடித்து மங்கையர்க்கரசி வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, பூங்கொடியத் தாங்க. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம்."

"ஐயையோ, அவ பாழுங்கெணத்துல கெடக்காளே! செத்துப் பேயா ஆயிட்டா. காலு ரெண்டும் போயிருச்சு."

"குடுக்கும்போது கால் இருந்துச்சுல்லா? வாங்கினத வாங்கின மாதிரி திருப்பித் தரவேண்டாமா?"

"நீ மட்டும் என்னவாம்? போன தீபாவளிக்கு வாங்கிட்டுப் போன முறுக்கு அச்சு எந்த லட்சணத்துல திரும்பி வந்துச்சு?"

வைரக்கண்ணு காலில்லாத பூங்கொடியை வாங்கிக்கொண்டு தெய்வசிகாமணியிடம் போனார். முத்தரசன் கேட்டவர்களுக்கெல்லாம் கைமாறிக்கொண்டே இருந்தான். தெய்வசிகாமணி அவனைப் பக்கத்து ஊர் ஓவியருக்குக் கொடுக்க, அவர் தென்காசிக்காரருக்குக் கொடுக்க, இப்போது ஏதோ ஒரு வேட்டிக் கடைப் பலகையில் சிரித்துக்கொண்டு நிற்கிறான் என்று தகவல். மழை வந்தாலொழிய அவனை அங்கிருந்து இறக்க முடியாது.

"மாப்பிள்ளை இல்லாம எப்படிவே கல்யாணம்? திலகா போயிருவாளே!" என்று, அவசரமாகக் கூடிய கழகத்தில் வைரக்கண்ணு தலையில் கைவைத்து அழுதேவிட்டார். நிஜமான அழுகை.

"அழாதீரும். நம்ம ஆளுக ஊருக்குப் பொதுன்னா, ஊரு ஆளுக நமக்குப் பொதுதானவே? கண்ணுல படுத மொத ஆள எடுத்துப் போடும்" என்றார் தலைவர்.

நாலு பேரும் தெருவை எட்டிப் பார்த்தார்கள். மில் வாசலில் நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார் சுடலைமுத்து.

"அவரு எனக்கு மாமனார் ஆகப்போறவருல்லா?"

"மருமகன் கதைக்கு மாமனாரே உதவலன்னா வேற எவன் உதவுவான்? பேர மட்டும் மாத்திராதீரும். மாத்தினா களவுன்னு ஆயிரும்."

அந்த வாரப் பத்திரிகை வந்தது. கொக்கரங்குளம் மாவு மில் சுடலைமுத்து, நாணத்தோடு மிதந்து வந்த பூங்கொடியின் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டார். சுபம். கூடவே படமும் இருந்தது. அதில் சுடலைமுத்து தெய்வசிகாமணியின் மச்சினனைப் போலவே இருந்தாலும், பெயர் பெரிதாகத்தான் போட்டிருந்தது.

சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். அன்றைக்கு ஒரு இலை கூடுதலாகப் போட்டாள். "வரச் சொல்லும் உம்ம இளையாள. மிதந்தே வரட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று அரிவாள்மணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுடலைமுத்து எத்தனை சத்தியம் செய்தும் எடுபடவில்லை. அரிசிப் பானைக்குள்ளும் பரணிலும் அவள் தேடிய வேகத்தில், கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

நேரே கழகத்துக்கு ஓடினார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவள எங்க வீட்டைவிட்டுக் கூட்டிட்டுப் போங்கவே!"

"குடுத்தத நாங்க திருப்பிக் கேக்க மாட்டோம். வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. செருப்புச் செலவுகூட இல்ல" என்றார் தலைவர்.

"என்ன கேட்டாலும் தாரேன்!"

வைரக்கண்ணு எழுந்து நின்றார். "திலகாவக் கட்டிக் குடுங்க."

"கட்டிக்கிடும்! மொதல்ல அவளக் கெளப்பும்!"

நாலு பேரும் டிரங்குப் பெட்டியோடு போய், மூடியைத் திறந்து மரியாதையாக அழைத்து, மூடிப் பூட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் ஒடம்பு போட்டுட்டா" என்று தெய்வசிகாமணி மூச்சு வாங்கினார். பேச்சியம்மாள் வாசலில் சாணி தெளித்து, வீட்டைக் கழுவிவிட்டாள்.

மில் வளாகத்திலேயே பந்தல் போட்டார்கள். வைரக்கண்ணு மாலையும் கழுத்துமாக மணமேடையில் இருந்தார். பட்டுச் சேலையில் திலகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கப்போகிற நேரம், மங்கையர்க்கரசி பந்தலுக்குள் அரக்கப்பரக்க ஓடிவந்தார்.

"தம்பி, பூங்கொடி போனதுலேருந்து எங் கெணறு காலியாக் கெடக்கு. அத்தியாயம் நகர மாட்டேங்குது. உன்னக் கொஞ்சம் குடேன்."

கேட்டவர்களுக்குக் கொடுத்துப் பழகிய வாய்! "எடுத்துக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு ஆள், ஒரு நேரம், ஒரு கதை. திலகாவைப் பார்த்தார், கண் கலங்கியது. மாலையோடு எழுந்து போய், மில்லுக்குப் பின்னால் தண்ணீர் வற்றிக் கிடந்த கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டார்.

"ஏறி வாருமய்யா! முகூர்த்தம் போகுது!" என்று சுடலைமுத்து மேலே நின்று கத்தினார்.

"கதையில இருக்கேன் மாமா. எப்படி வர?" என்று கீழேயிருந்து அழுகுரல் வந்தது.

திலகா கிணற்றை எட்டிப் பார்த்தாள். மங்கையர்க்கரசியிடம் திரும்பி, "அக்கா, அந்தக் கதையில பொம்பள யாரும் வேணுமா?" என்று கேட்டாள்.

"ஒரு ஆளு கொறையத்தான் செய்யுது தாயி."

"அப்ப என்னய எடுத்துக்கோங்க" என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள்.

தாலி வாளியில் இறங்கியது. ஐயர் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து படுத்து மந்திரம் சொன்னார். ஊரே கூடி நின்று அட்சதையை உள்ளே கொட்டியது. நாதஸ்வரக்காரர் நாயனத்தைக் கிணற்றுக்குள் நீட்டி ஊதினார். "எம் புள்ள தாலி ஏறின உடனே தனிக்குடித்தனம் போயிட்டாளே" என்று பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மங்கையர்க்கரசி அன்றைக்கே அத்தியாயத்தை முடித்துவிட்டு, "மேல வாங்க, எங் கதை முடிஞ்சுது" என்று கூப்பிட்டுப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கக்கா, சீர்வரிசை எறங்கிக்கிட்டிருக்கு" என்று பதில் வந்தது. குத்துவிளக்கு இறங்கிவிட்டது, அண்டா இறங்கிவிட்டது, பீரோகூட ஒருவழியாக இறங்கிவிட்டது. கட்டில் மட்டும் நுழைய மாட்டேன் என்கிறது. சுடலைமுத்து கொத்தனார்களை வரவழைத்து, இப்போது கிணற்றை அகலப்படுத்திக்கொண்டிருக்கிறார்.