முள் மரத்து வாதுமை

வறண்ட குன்றின் சரிவில் இரண்டு காட்டு வாதுமை மரங்கள் நின்றன. இரண்டும் குட்டை மரங்கள். இரண்டின் காய்மேலும் மெல்லிய பூனைமயிர். ஆனால் ஒன்றின் கிளையெல்லாம் முள். அதன் கொட்டை வழவழவென்று இருக்கும். உள்ளே பருப்பு கடுங்கசப்பு, விஷம். மற்றதில் முள்ளே கிடையாது. கொட்டை குழிகுழியாக இருக்கும், பருப்போ தித்திப்பு!

இந்த விவரம் வரியன் என்ற அணிலுக்கு மட்டுமே தெரியும்.

ஒருநாள், பாறையடியில் புதிதாக வளை தோண்டிய குட்டச்சி என்ற காட்டெலி வந்து கேட்டது.

“வரியண்ணே! இந்தக் காயெல்லாம் தின்னலாமா?”

‘இவளுக்குத் தெரிந்தால் நமக்கு என்ன மிஞ்சும்?’ என்று நினைத்தது வரியன்.

“ஐயையோ! இந்த மரத்தைத் தொட்டுடாதே, விஷம்! அந்த முள் மரம்தான் தித்திப்பு. இல்லேன்னா அதுக்கு எதுக்கு இத்தனை முள்ளு?”

“நல்லவேளை சொன்னீங்கண்ணே!”

குட்டச்சி முள் மரத்தில் ஏறப் பார்த்தது. மூக்கில் முள் குத்தியதும் இறங்கிவிட்டது. வரியன் இலை மறைவில் இருந்து சிரித்தது.

ஆனாலும் குட்டச்சி வெள்ளை மனசுக்காரி. புல்லரிசி கிடைத்தால் வரியனுக்கும் ஒரு வாய் கொண்டுவரும். அப்போதெல்லாம் வரியனுக்கு உள்ளே உறுத்தும். ‘நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம்’ என்று நினைக்கும். நாளைக்கும் சொல்லாது.

ஆடிக்காற்று வீசியது. வரியன் கிளையிலிருந்து விழுந்து, கால் பிசகி, பாறை இடுக்கில் இரண்டு நாள் பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் குட்டச்சி எதையோ உருட்டிக்கொண்டு ஓடி வந்தது.

“அண்ணே! காத்துல முள் மரத்துக் காயெல்லாம் உதிர்ந்து கிடக்கு! இந்தாங்க!”

வழவழப்பான கொட்டைகள். வரியன் அவற்றைத் தட்டிவிட்டது.

“நீ தின்னியா?”

“தின்னேண்ணே. கசந்துச்சு. அண்ணன் பொய்யா சொல்லியிருப்பார்? போகப்போக இனிக்கும்னு இன்னும் நாலு தின்னேன்.”

“துப்பு! துப்பிடு! நான் சொன்னது பொய், தங்கச்சி! பொய்!”

“தலை சுத்துதுண்ணே…” என்றபடி குட்டச்சி அதன் பக்கத்திலேயே சாய்ந்தது. வெயில் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது.

கால் தேறியதும் வரியன் சும்மா இருக்கவில்லை. குன்றுக்கு வந்த ஒவ்வொரு பிராணியிடமும் எது விஷம், எது தித்திப்பு என்று ஓடி ஓடிச் சொன்னது. கேட்டவர்கள் எல்லாரும் வயிறாரத் தின்றார்கள். வரியனுக்குத்தான் ஒரு பருப்புகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

நம்மை நம்புகிறவரிடம் பொய் சொன்னால், பிறகு சொல்லும் உண்மை அவருக்கு உதவாமலே போகலாம்.